திணையும் வரைபடமும்: புவியியல் தகவல் அமைப்புவழிச் சங்க இலக்கிய ஆய்வின் முறையியல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

புவியியல் தகவல் அமைப்பின் பயன்பாடு இன்று இலக்கிய, வரலாற்று ஆய்வுகளுக்கும் விரிந்துள்ளது. சங்கப் பாடல்களின் இடப்பெயர்களைப் புள்ளிகளாகவும், திணைகளை நிலப்பரப்புகளாகவும், பாடல் எண்ணிக்கையை அடர்த்தி வண்ணங்களாகவும் வரைந்து காட்ட அது வழிசெய்கிறது. மென்பொருள் கேட்கும் தரவு வடிவத்துக்கும் இலக்கணமும் இலக்கியமும் தரும் சான்றின் இயல்புக்கும் இடையே எழும் முரண்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இடப்பெயர் அடையாளம், பாலைத்திணையின் நிலம், அகநானூற்றின் தொகுப்பு முறை, உயரத் தரவின் துல்லியம், எல்லை அலகு ஆகிய ஐந்து நிலைகளில் அம்முரண்கள் எடுத்துக்காட்டப்படுகின்றன. முதுநிலைப் பயிற்சியில் கற்கும் கருவித்திறன் தன்முயற்சி ஆய்வாக வளர்வதற்கு வேண்டிய நெறிகளும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புவியியல் தகவல் அமைப்பு, திணை, பாலை, இடப்பெயராய்வு, முறையியல், ஐயப்பாடு.

முன்னுரை

நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட கவிதைக் கோட்பாடு தமிழுக்குரியது. ஆகவே நிலத்தைக் கணினியில் அடுக்கடுக்காகப் பகுத்துக் காட்டும் ஒரு கருவி தமிழாய்வாளரை ஈர்ப்பதில் வியப்பில்லை. கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் படங்களையும் உயரத் தரவையும் வீட்டிலிருந்தபடியே பதிவிறக்கலாம். சில வாரப் பயிற்சி பெற்ற தமிழ்த்துறை மாணவர் ஒருவர், முன்னர் நில அளவைத் துறையினர் மட்டுமே வரையக்கூடியதாயிருந்த ஒரு வரைபடத்தைத் தம் மடிக்கணினியில் வரைந்துவிட முடிகிறது.

இந்த வாய்ப்பு வரவேற்கத்தக்கது. ஆயினும், வரைபடம் வரைந்து முடிந்ததும் ஆய்வும் முடிந்துவிட்டது என்னும் எண்ணம் இதனோடு சேர்ந்தே வருகிறது. வரைபடம் தன் ஐயங்களை வெளிக்காட்டுவதில்லை. “இருக்கலாம்”, “என்பர்”, “கருதத்தகும்” என உரைநடையில் ஆய்வாளர் கையாளும் தயக்கச் சொற்கள் எவையும் புள்ளியாக மாறும்போது உடன்வருவதில்லை. அத்தயக்கம் தொலைவது ஆய்வுக்கு இழப்பு. அவ்விழப்பு எங்கெங்கு நேர்கிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியா, அறிவியலா?

புவியியல் தகவல் அமைப்பு நிருவாகத் தேவையில் பிறந்தது. 1960-களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய அமைப்பே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மண், காடு, வேளாண்மை, வனவிலங்கு எனத் தனித்தனியே வரையப்பட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் தேவையே அதனைத் தோற்றுவித்தது. தெளிவான எல்லை, ஒரு பரப்புக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு குறியீடு ஆகியவை அத்தேவையின் அடிப்படைகள். இன்றைய மென்பொருள்களின் பண்பு அட்டவணையும் பெருமளவு அதே அமைப்பைத்தான் கொண்டுள்ளது.

1992-இல் மைக்கேல் குட்சைல்ட், அமைப்பு என்பதினின்றும் பிரித்துப் புவியியல் தகவல் அறிவியல் என்னும் கருத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். மென்பொருளை இயக்குவதற்கும், அதன் பின்னுள்ள அளவீடு, பிழை, உருவகிப்பு ஆகியவற்றை ஆராய்வதற்கும் உள்ள வேறுபாடு அதில் வற்புறுத்தப்பட்டது. 1997-இல் டான் ரைட், குட்சைல்ட், ஜேம்ஸ் பிராக்டர் ஆகிய மூவரும் இவ்வினாவை மீண்டும் எழுப்பி, கருவி, கருவியாக்கம், அறிவியல் என மூன்று நிலைப்பாடுகளைப் பிரித்துக் காட்டினர். புவியியல் தகவல் அமைப்பைப் பயன்படுத்துவதே ஆய்வாகிவிடுமா என்னும் கேள்வி பட்டமேற்படிப்பு மாணவருக்கு நேரடியாகப் பொருந்துவது. கருவியென்று கொண்டால், ஆய்வேட்டின் மதிப்பு அது விடையளிக்கும் துறைசார் வினாவைப் பொறுத்தது. அறிவியலென்று கொண்டால், கருவியின் எடுகோள்களைச் சோதித்தாக வேண்டும். ஆய்வேட்டில் வரைபடம் மட்டும் இருந்து இவ்விரண்டும் இல்லையெனில், அஃது எந்த நிலைப்பாட்டின்படியும் ஆய்வாகாது.

இத்துறையின் உள்ளிருந்தே கடுமையான விமரிசனமும் எழுந்தது. 1989-இல் பிரையன் ஹார்லி வரைபடத்தை அதிகாரம் சார்ந்த பனுவலாக வாசிக்க வேண்டுமென்றார். ஜான் பிக்கிள்ஸ் 1995-இல் தொகுத்த ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்னும் நூல் இவ்வமைப்பின் சமூக விளைவுகளைக் கேள்விக்குள்ளாக்கியது. வளைந்து மங்கும் எல்லைகளை எவ்வாறு காட்டுவது என்னும் சிக்கலுக்கெனவே பீட்டர் பரோவும் ஆண்ட்ரூ பிராங்கும் 1996-இல் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டனர். கருவியைத் தமிழுக்குக் கொண்டுவருவோர் கருவியோடு பிறந்த இவ்விவாதங்களையும் கொண்டுவர வேண்டும்.

ஜான் ஸ்னோவின் வரைபடம் கற்பிப்பது

இத்துறையின் அறிமுக வகுப்புகளில் தவறாது இடம்பெறுவது 1854-ஆம் ஆண்டு இலண்டனின் சோகோ பகுதியில் பரவிய வாந்திபேதி நோயைக் குறித்த ஜான் ஸ்னோவின் வரைபடம். இறப்புகள் பிராட் தெருவின் குழாயைச் சூழ்ந்திருந்ததை அது காட்டுகிறது. மாணவர்கள் இத்தரவைக் கணினியில் ஏற்றி அடர்த்தி வரைபடம் வரைவர். குழாய்களுக்கிடையே நேர்கோட்டுத் தொலைவைக் கொண்டு பரப்புகளைப் பிரிப்பர். விடை சில நிமிடங்களில் கிடைத்துவிடும்.

வரலாறு வேறு வகையில் நிகழ்ந்தது. செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. வரைபடமோ அதன் பின்னரே வரையப்பட்டு 1855-இல் நூலில் வெளிவந்தது. ஸ்னோவின் முடிவை நிறுவியவை வீடுவீடாகச் சென்று திரட்டிய செய்திகள். குறிப்பாக, வரைபடத்தின் போக்குக்கு ஒவ்வாதவை. குழாய்க்கு அருகிலிருந்த மதுவடிப்பாலையின் தொழிலாளர் எவரும் இறக்கவில்லை. அவர்கள் அக்குழாயின் நீரைக் குடிப்பதில்லை. அண்மையிலிருந்த ஏழையர் விடுதியில் இறப்பு மிகக் குறைவு. அதற்குத் தனிக்கிணறு இருந்தது. தொலைவிலிருந்த ஹாம்ஸ்டெட்டில் ஒரு கைம்பெண் இறந்தார். பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி அதனை வரவழைத்துக் குடித்தவர் அவர். ஸ்னோவின் கருத்தை முதலில் ஐயுற்ற பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் தாமே விசாரித்து, தொடக்க நோயாளியாகக் கருதத்தக்க குழந்தையைக் கண்டறிந்தார். குழாய்களுக்கிடையே ஸ்னோ பின்னர் வரைந்த எல்லைக்கோடுகூட மக்கள் தெருவழியே நடந்து செல்லும் தொலைவைக் கொண்டு வரையப்பட்டதே.

ஒவ்வாச் சான்றுகளே ஸ்னோவின் கருதுகோளுக்கு வலுவூட்டின. வகுப்பறைப் பயிற்சியில் அச்சான்றுகள் உதிர்ந்து, வரைபடம் மட்டும் எஞ்சுகிறது. சங்க இலக்கிய வரைபடங்களைப் பொறுத்தவரை இந்தப் படிப்பினை முதன்மையானது. ஒவ்வாப் புள்ளியை நீக்கிவிட்டு அழகான வரைபடம் தருவதா, அப்புள்ளி ஏன் ஒவ்வவில்லை என்று கேட்பதா என்பதில்தான் பயிற்சியும் ஆய்வும் பிரிகின்றன.

இடப்பெயரும் புள்ளியும்

மென்பொருளில் ஓர் ஊரைக் குறிக்க அட்ச, தீர்க்க அளவுகள் வேண்டும். அவை பெரும்பாலும் ஆறு தசம இடங்கள் வரை பதிவாகின்றன. பாகையின் ஆறாம் தசம இடம் நிலத்தில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். சேரர் தலைநகராகிய வஞ்சியை இத்துல்லியத்தில் குறிப்பதன் பொருள் யாது? வஞ்சி கருவூரே என்போரும், மேலைக்கடற்கரையின் கொடுங்கல்லூர்ப் பகுதியே என்போரும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வாதிட்டனர். அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு 200 கிலோமீட்டருக்கும் மிகுதி. முசிறியும் இவ்வாறே. நெடுங்காலம் கொடுங்கல்லூரோடு இணைத்துப் பேசப்பட்ட அத்துறைமுகம், 2007 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளுக்குப்பின் பட்டணம் என்னும் ஊரோடு இணைத்துப் பேசப்படுகிறது. அவ்வடையாளத்தை ஏற்காதோரும் உளர். அட்டவணையில் ஒரு வரிசையை நிரப்பும் ஆய்வாளர் இவ்விவாதங்களுள் ஒரு பக்கத்தை ஓசையின்றித் தேர்ந்துவிடுகிறார். படிப்பவருக்கோ ஒரு தேர்வு நிகழ்ந்ததே தெரிவதில்லை.

எல்லா இடப்பெயர்களும் ஒரே தன்மையின அல்ல. மாங்குளம், புகளூர், ஜம்பை ஆகிய இடங்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை. நெடுஞ்செழியன் என இலக்கியம் சுட்டும் பெயர்மரபோடு ஒப்பிடத்தக்க வேந்தர், குறுநில மன்னர் பெயர்களை இத்தகைய கல்வெட்டுகளிற் காண்கிறோம்; ஜம்பைக் கல்வெட்டின் அதியமான் நெடுமான் அஞ்சி அதற்குச் சிறந்த சான்று. இவை இருக்குமிடம் மெய்யான புள்ளி. கொற்கைபோல் பெயர் இன்றும் ஊர்ப்பெயராக வழங்குபவை அடுத்த நிலையின. பாடலில் மட்டும் வந்து இன்று பெயரும் எச்சமும் இல்லாத ஊர்கள் மூன்றாம் நிலையின. இம்மூன்றையும் ஒரே வடிவ, ஒரே அளவுப் புள்ளியால் காட்டும் வரைபடம் சான்றுகளின் தரவேறுபாட்டை அழித்துவிடுகிறது. சான்றின் வகைக்கு ஒரு நிரல், ஏற்கப்படாத மாற்று அடையாளத்துக்கு ஒரு நிரல் எனப் பண்பு அட்டவணையில் இரு நிரல்களைச் சேர்த்தாலே இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

பாலைக்கு நிலம் எங்கே?

திணைகளைப் பலகோணங்களாக வரைவது அடுத்த நிலை. மேற்குத் தொடர்ச்சி மலை குறிஞ்சி, காடுகள் முல்லை, ஆற்றுப் படுகைகள் மருதம், கடலோரப் பட்டை நெய்தல். நிலவகைப்பாட்டுப் படத்திலிருந்து இந்நான்கையும் எளிதில் பிரித்தெடுக்கலாம். ஐந்தாவதாகிய பாலையை வரைய முற்படும்போதுதான் கோட்பாட்டுச் சிக்கல் வெளிப்படுகிறது.

தொல்காப்பியம் காடு, மலை, வயல், கடற்கரை ஆகிய நான்கனுக்கே நிலம் கூறுகிறது. நடுவணதாகிய பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. ஆனால் அதற்குப் பொழுது கூறுகிறது: வேனிலும் நண்பகலும், பின்பனியும் அதற்கு உரித்து. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவு கொள்ளும் என்னும் விளக்கம் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் உள்ளது. ஆகவே பாலை என்பது பிற நிலங்கள் ஒரு பருவத்தில் அடையும் நிலைமை. இதனை நிலையான பலகோணமாக வரைவது இலக்கணத்துக்கு மாறானது. இராமநாதபுரத்தின் வறண்ட பகுதியையோ தேரிமணற் பரப்பையோ பாலை என வண்ணமிடுவது, தமிழ்க் கோட்பாட்டைக் கைவிட்டு ‘பாலைவனம்’ என்னும் இக்காலச் சொல்லின் பொருளை அதன்மேல் ஏற்றுவதாகும்.

திணைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவே ஒன்றுக்கு ஒன்றான உறவன்று. திணை மயங்குதலைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வரின், வந்த நிலத்தின் கருப்பொருளாகவே கொள்ளப்படும் என்றும் அது விதிக்கிறது. முதல், கரு, உரி என்னும் மூன்றும் பாடலுள் பயிலுங்கால் பின்னது முன்னதினும் சிறக்கும் என்பதும் அதன் கருத்து. அதாவது, பாடலின் திணையை முடிவு செய்வதில் உரிப்பொருளுக்கே தலைமையிடம்.

இதன் விளைவை இரண்டு எடுத்துக்காட்டுகளால் காணலாம். யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் முசிறியைப் பாடும் அகநானூற்று 149-ஆம் பாடல் பாலைத்திணைக்குரியது. தலைவியைப் பிரிந்து பெறும் செல்வம் எதுவாயினும் வேண்டேன் எனத் தலைவன் நெஞ்சுக்குக் கூறிச் செலவு தவிர்வது அதன் பொருள். காவிரிப்பூம்பட்டினத்தின் கழனியையும் துறைமுகத்தையும் அங்காடியையும் விரித்துரைக்கும் பட்டினப்பாலை, பெயரிலேயே பாலையைக் கொண்டது. அங்கும் காரணம் பிரிவைக் கைவிடும் உரிப்பொருளே. பாடலின் திணையைக் கொண்டு அதில் வரும் ஊருக்கு வண்ணமிடும் வரைபடத்தில், பேரியாற்று முகத்து முசிறியும் காவிரி முகத்துப் பூம்பட்டினமும் பாலை நிலங்களாகிவிடும். மென்பொருள் பிழையேதும் காட்டாது. தரவிணைப்பும் முறையாகவே நடந்திருக்கும். பிழை, திணை என்னும் நிரலை நிலம் என்னும் நிரலாகக் கருதிய இடத்தில் உள்ளது.

தொகுப்பாசிரியரும் அடர்த்தி வரைபடமும்

பாடல்களின் எண்ணிக்கையைக் கொண்டு எந்நிலம் புலவர் கவனத்தை மிகுதியாக ஈர்த்தது என்று காட்ட முயல்வதும் இயல்பாக எழக்கூடிய ஆய்வு வேட்கை. இங்குத் தரவு திரண்ட வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் யாவும் பாலை. இரண்டு, எட்டு என முடிவன குறிஞ்சி. நான்கு என முடிவன முல்லை. ஆறு என முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். எனவே 400 பாடல்களுள் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் முறையே 40 என அமைகின்றன. ஐங்குறுநூற்றிலோ ஒரு திணைக்கு நூறு வீதம் ஐந்து திணைக்கும் 500 பாடல்கள்.

அகநானூற்றை மட்டும் தரவாகக் கொண்டால் பாலையின் பங்கு சரிபாதி. ஐங்குறுநூற்றைக் கொண்டால் ஐந்தில் ஒன்று. இவ்வேறுபாடு பண்டைத் தமிழகத்தின் வறட்சியையோ செழிப்பையோ குறிப்பதன்று. தொகுத்தோரின் திட்டத்தைக் குறிப்பது. புள்ளியியலார் மாதிரியெடுப்புச் சாய்வு என்பதனை இங்குத் தமிழ் மாணவர் மென்பொருளின் துணையின்றியே கண்டறியலாம்; அதற்குப் பதிப்பு வரலாற்றறிவும் தொகை மரபறிவும் போதும். அடர்த்தி வரைபடத்தின் செம்மை நிறத்தைக் கண்டு தட்பவெப்ப மாற்றம் குறித்த முடிவுக்குத் தாவும் ஆய்வு, தன் துறையின் அடிப்படைச் செய்தியையே மறந்ததாகும்.

உயரத் தரவு: பொருந்துமிடமும் பொருந்தாவிடமும்

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார்வழித் திரட்டப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு மாணவர் மிகுதியும் பயன்படுத்தும் தரவுகளுள் ஒன்று. 16 மீட்டருக்குட்பட்ட செங்குத்துப் பிழை, 90 விழுக்காட்டு நம்பகத்துடன், என்பது அத்திட்டத்தின் துல்லிய இலக்கு. உண்மையான பிழை பல இடங்களில் இதனினும் குறைவாக இருக்கக்கூடும். ஆயினும் தன் வினாவுக்கு இத்துல்லியம் போதுமா என்று ஆய்வாளர் கேட்டாக வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக்கடற்கரைக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே வணிகவழி அமைந்திருத்தலை ஆராயும் ஒருவருக்கு இது போதும். கணவாயின் இருபுறமும் மலைகள் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுகின்றன. பத்து மீட்டர்ப் பிழை அங்கு வழியை மாற்றாது. அதே தரவைக் கொண்டு பூம்புகாரின் பழைய கடற்கரையைக் கணிக்க முயல்வோருக்கு நிலை வேறு. காவிரிக் கழிமுகத்தின் கடலோர நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே உயர்ந்தது. அங்குத் தரவின் பிழையெல்லை நிலத்தின் உயரத்தையே விஞ்சக்கூடும். மேலும் ஆறு கொணர்ந்த வண்டல் கரையை நகர்த்தியுள்ளது. தாமிரபரணி முகத்துத் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இன்றைய உயரத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலத்தின் உயரமாகக் கொள்ள இயலாது.

கணவாய் எடுத்துக்காட்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறைந்த முயற்சியில் கடக்கும் வழியைக் கணக்கிடும் செயலி கணவாயைத்தான் காட்டும். மலையில் திறப்பு அங்கேதான் உள்ளது. அம்முடிவு வரலாற்றுக் கண்டுபிடிப்பன்று. கொடுமணல் அகழாய்வுப் பொருள்கள், கொங்குப் பகுதியில் கிடைத்த உரோமானிய நாணயங்கள் ஆகிய புறச்சான்றுகளோடு ஒப்பிட்டு, கணக்கிட்ட வழியிலிருந்து அவை எங்கு விலகுகின்றன என்று காணும்போதே வரைபடம் ஆய்வுக்குப் பயன்படுகிறது.

எல்லை அலகுகள்

இலக்கியத் தரவை மாவட்டவாரியாகத் தொகுத்து வண்ணமிடுவது எளிய வழக்கம். 2019-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. 2020-இன் இறுதியில் அவை 38 ஆயின. நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்த பூம்புகார் மயிலாடுதுறை மாவட்டத்துக்குச் சென்றது. ஒரே பாடல்கள், ஒரே ஊர்கள். வரைபடம் மட்டும் மாறிவிடும். பகுப்பலகை மாற்றினால் புள்ளியியல் முடிவும் மாறும் என்னும் இச்சிக்கலை ஸ்டான் ஓப்பன்ஷாவும் பீட்டர் டெய்லரும் 1979-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளைக் கொண்டு விளக்கினர். அவற்றைப் பலவாறு சேர்த்துப் பகுக்கும்போது அதே தரவிலிருந்து வலிய நேர்த்தொடர்பும் வலிய எதிர்த்தொடர்பும் கிடைப்பதை அவர்கள் காட்டினர். சங்ககால நாடு, கூற்றம் ஆகியவற்றின் எல்லைகள் உறுதியாகத் தெரியாத நிலையில் இன்றைய மாவட்டத்தைப் பகுப்பலகாகக் கொள்வது வசதிக்கான ஏற்பாடே. அதனை அவ்வாறே அறிவித்துவிட்டு, குறைந்தது மற்றொரு பகுப்பாலும் முடிவைச் சோதிப்பது முறை.

தன்முயற்சி ஆய்வும் நெறிகாட்டலும்

தமிழகத்துக்கும் நில அளவைக் கல்விக்கும் உள்ள தொடர்பு நெடியது. 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். கணக்கிட்டுப் பெற்ற நீளத்தைத் தொலைவிலுள்ள மற்றோர் அடிக்கோட்டை நேரில் அளந்து சரிபார்ப்பது அம்முறையின் உயிர்நாடி. காலனியாட்சியின் வரிக்கும் படைக்கும் பயன்பட்ட அளவைதான் அது. எனினும் பிழையை அளந்து பதிவு செய்யும் அதன் ஒழுங்கு, இன்றைய இலக்கிய வரைபடங்களில் காணக்கிடைப்பது அரிது.

தரவு கிடைப்பதில் இருந்த தடைகள் இந்தியாவில் பெரிதும் தளர்ந்துள்ளன. கடலோர, எல்லைப்புற நிலப்படத் தாள்கள் பொதுமக்களுக்குக் கிட்டாதிருந்த காலம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனித் தாள்வரிசையை ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் புவித்தரவு திரட்ட முன் அனுமதி பெற வேண்டிய நிலையைப் பெருமளவு நீக்கின. ஆகவே தன்முயற்சி ஆய்வாளருக்கு இன்றுள்ள முதன்மைத் தடை வேறு: அவரது பணியைச் சரிபார்ப்பார் இல்லாமை.

தமிழ்த்துறை நெறியாளர் அகத்திணை மரபை அறிவார். ஆயின் பழைய நிலப்படத் தாள்களின் எவரெஸ்ட் நீளுருண்டைக்கும் இன்றைய உலகளாவிய அளவைமுறைக்கும் இடையே நூறு மீட்டரையும் தாண்டக்கூடிய இடப்பெயர்ச்சி உண்டென்பதை அறியார். புவித்தகவல் வல்லுநர் அவ்விடப்பெயர்ச்சியைத் திருத்துவார். ஆயின் பட்டினப்பாலை ஏன் பாலை என்பதை அறியார். இருவரும் மற்றவர் துறையை நம்பி வரைபடத்தை ஏற்றுக்கொண்டால், வாய்மொழித் தேர்வில் அதனை உண்மையாக வாசித்தவர் ஒருவரும் இரார். இழப்புக்கு உள்ளாகுபவர் மாணவர். அவரது உழைப்பு பாராட்டப்படும், பிழை அச்சேறும், அடுத்து வருபவர் அப்புள்ளிகளை மேற்கோளாகக் கொள்வார்.

இதற்கான தீர்வு மாணவரைக் கருவியிலிருந்து விலக்குவதன்று. 1990-இல் அமெரிக்கத் தேசியப் புவித்தகவல் ஆய்வு மையம் வெளியிட்ட பாடத்திட்டமும், 2006-இல் வெளிவந்த புவித்தகவல் அறிவுத்தொகுப்பும் தரவின் பிழை, ஐயப்பாடு ஆகியவற்றைக் கற்பித்தலின் பகுதியாகவே கொண்டன. குறுகியகாலப் பயிலரங்குகளில் நேரமின்மையால் முதலில் விடுபடக்கூடியவை இப்பகுதிகளே. தமிழ்த்துறைப் பயிற்சிகளில் இவற்றை முதலில் வைக்கலாம். பாடவேறுபாடு, உரைவேறுபாடு, இடைச்செருகல் ஆகியவற்றை எடைபோட்டுப் பழகிய தமிழ் மாணவருக்கு ஐயப்பாடு என்னும் கருத்து அயலானதன்று. வரைபடத்தோடு அதன் பண்பு அட்டவணையையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தரச்செய்வதும், இரு துறையினரும் மதிப்பீட்டில் பங்குகொள்வதும் நடைமுறைக்கு எளிய வழிகள்.

முடிவுரை

புவியியல் தகவல் அமைப்பு சங்க இலக்கிய ஆய்வுக்குப் பயன்படாது என்பது இம்மதிப்பீட்டின் முடிவன்று. வஞ்சிக்கு இரு புள்ளிகளை இரு அடுக்குகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சாதகமான கல்வெட்டு, நாணயம், பாடற்சான்று ஆகியவற்றைத் தனித்தனியே இணைத்துக் காட்டினால் ஒரு நூற்றாண்டு விவாதத்தை ஒரே பார்வையில் ஒப்பிடலாம். பாலையை நிலையான பலகோணமாக வரையாமல், முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் மாறும் பருவநிலையாகக் காலத்தொடர்ப் படங்களில் சோதித்தால் கோட்பாட்டுக்கும் கருவிக்கும் பொருத்தம் ஏற்படும். நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் எனக் கூறிய மரபு, நிலத்தை மட்டும் வரையும் வரைபடத்தின் குறையைச் சுட்டிக்காட்ட வல்லது.

ஆகவே சங்கப் பாடல்களை மென்பொருளுக்கு ஏற்பக் கத்தரிப்பதற்கு மாறாக, மென்பொருளின் எடுகோள்களைத் தமிழ்க் கோட்பாட்டைக் கொண்டு சோதிப்பதே தமிழ் ஆய்வாளர் இத்துறைக்கு அளிக்கக்கூடிய பங்களிப்பு. முசிறியைப் பாலையாக வண்ணமிட்டு வந்த வரைபடம் ஒன்றைக் காணும் மாணவர், அப்புள்ளியை அழித்துவிடாமல் அது ஏன் அவ்வாறு வந்தது என்று கேட்பாராயின், அவரது ஆய்வு அங்கே தொடங்குகிறது.